மூலம் என்று நான் சொன்னது

போன மாதம் நான் வேலை செய்த பழைய யூனிட்டுக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற நேர்ஸ்மாரைக் கூப்பிட்டு, தேத்தண்ணியும் கேக்கும் கொடுத்து, புது மெசினைக் காட்டுவதாக ஏற்பாடு. பெருங்குடலுக்குள் கமெரா போகும்போது சின்னதாக ஒரு முளை தெரிந்தாலும், மெசினே அதைச் சுற்றித் திரையில் ஒரு பச்சைப் பெட்டி போட்டுக் காட்டுகிறது. அங்கே இருக்கிற பிள்ளைகளுக்குப் பெருமை தாங்கவில்லை. "மிஸ், உங்கட காலத்தில இது இல்லைத்தானே, என்னெண்டு சமாளிச்சனீங்கள்?" என்று ஒருத்தி கேட்டாள். "கண்ணால பார்த்தம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு, யூனிட் மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ, எங்களுக்குப் பயன்படுகிற மாதிரி இருக்கோணும் என்று கேட்டார்கள்.

பயன்படுகிற மாதிரி என்றால் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அது என் கெட்டித்தனத்தைப் பற்றியதல்ல. அந்தப் பச்சைப் பெட்டி, மேசையில் வந்து படுத்தவருக்குத்தான் விழும். வராதவரின் குடலுக்குள் என்ன வளர்ந்தாலும் எந்த மெசினுக்கும் தெரியாது. ஒரு மனிதர் வராமல் இருந்ததில் என் பங்கும் இருக்கிறது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடிதான்.

நான் யாழ்ப்பாணத்தில் படித்து, கொழும்பில் நேர்ஸ் பயிற்சி முடித்து, சத்திரசிகிச்சை விடுதிகளில் கால் வீங்க வீங்க நின்று, பிறகுதான் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் கொலொனோஸ்கோபி யூனிட்டுக்கு வந்தேன். வெள்ளவத்தையில் வீடு, பஸ் ஏறினால் வேலை. வந்த முதல் மாதம் ஸ்கோப் கழுவியதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. நீளமான கறுப்புக் குழாய். அதன் உள்ளே இன்னும் மெல்லிய குழாய்கள். தண்ணீருக்குள் அமிழ்த்திக் காற்று அடித்து, குமிழி வருகிறதா என்று பார்த்து, பிறகு பிரஷை இந்த முனையால் விட்டு அந்த முனையால் எடுக்க வேண்டும். பிரஷ் வெள்ளையாக வெளியே வரும் வரைக்கும். "வெள்ளை மாதிரி" வந்தால் போதாது.

அப்படிச் சொன்னவர் எங்கள் சேர். எங்கள் யூனிட்டின் பெரிய சத்திரசிகிச்சை நிபுணர். சிங்களவர், மாத்தறைப் பக்கம். தமிழில் இரண்டு சொல் தெரியும்: "கொஞ்சம் நோகும்." எங்களோடு சிங்களத்திலும் இங்கிலிசிலும் கதைப்பார், இங்கே எல்லாவற்றையும் தமிழில் எழுதுகிறேன். அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் கூடாது, குறையும். திட்டு வாங்குகிறவர் காதைக் கிட்டக் கொண்டுபோய்த்தான் அதை வாங்க வேண்டும்.

நோயாளி இடப்பக்கம் சரிந்து, முழங்காலை நெஞ்சுக்கு மடக்கிப் படுப்பார். மயக்க ஊசி போடுவோம். முழு மயக்கம் அல்ல, பாதித் தூக்கம். விரலில் ஒக்சிசன் பார்க்கும் கிளிப் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கும். ஸ்கோப் உள்ளே போகும்போது குடல் சுருண்டு இழுபட்டால், நான் வயிற்றில் கையை வைத்துச் சரியான இடத்தில் அமத்த வேண்டும். எங்கே அமத்துவது என்று சேர் சொல்லமாட்டார். என் கையைப் பார்த்து, சரியென்றால் தலையை ஆட்டுவார்.

ஆனால் உள்ளே போவது வெறும் பயணம்தான். பார்ப்பது திரும்பி வரும்போது. பெருங்குடல் தொடங்கும் முனையில், குடல்வாலின் சின்னத் துளை தெரிந்ததும் சேர் "ஹரி" என்பார், சிங்களத்தில் "சரி". அந்தச் சொல்லோடு நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, ஒவ்வொரு நிமிடமாகச் சத்தமாகச் சொல்லத் தொடங்க வேண்டும். ஆறு நிமிடத்துக்குக் குறைய ஒரு நாளும் வெளியே வரமாட்டார். ஒவ்வொரு மடிப்பையும் விலக்கி, பின்பக்கம் பார்த்து, தண்ணீர் அடித்துக் கழுவி, மறுபடி பார்ப்பார். "ஹெமின், ஹெமின்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். மெல்ல, மெல்ல என்று அர்த்தம். அந்த நேரத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

ஒரு நாள் வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள். நான் அவசரத்தில் ஐந்தரை நிமிடத்திலேயே "ஆறு" என்று சொல்லிவிட்டேன். சேர் திரும்பியும் பார்க்கவில்லை. ஸ்கோப்பை மறுபடி இடப்பக்க வளைவு வரைக்கும் கொண்டுபோனார். "இங்கேயிருந்து திரும்பச் சொல்லும்" என்றார். எட்டுப் பேரும் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாமன்கடையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். குடல் காலியாவதற்கு முதல் நாள் குடிக்க வேண்டிய மருந்தைக் குடிக்கவில்லை. "கந்தசஷ்டி பிள்ளை. ஆறு நாள் பாலும் பழமும்தான். உள்ளுக்க என்ன கிடக்கப்போகுது?" என்று கேட்டார். பார்க்கிற மாதிரி எதுவும் இல்லை, குடலை மூடியிருந்த கழிவுதான் நிறைய இருந்தது. சேர் ஒரு நிமிடத்தில் ஸ்கோப்பை வெளியே எடுத்துவிட்டார். பெரியவருக்கு அவமானம். முருகனே சுத்தமாக்கி வைத்திருப்பார் என்று உண்மையாகவே நம்பியிருந்தார் பாவம்.

ஆனால் மருந்து குடிக்காதது சின்ன விசயம். எங்கள் ஆட்களின் பெரிய வருத்தம், வருத்தத்தை ஒளிப்பது. நெஞ்சுவலி என்றால் பெருமையாகச் சொல்வார்கள். சீனி வருத்தம் என்றால் மாத்திரையின் நிறம் வரைக்கும் சொல்வார்கள். இடுப்புக்குக் கீழே என்றால் வாய் மூடிவிடும். அங்கே எது வந்தாலும் அதற்கு ஊரில் ஒரே பெயர்தான்: மூலம்.

சிவநாதன் கொட்டாஞ்சேனையில் இருந்தார். துறைமுகத்தில் சாமான் இறக்கி எடுக்கும் கொம்பனி ஒன்றில் வேலை. ஐம்பத்திரண்டு வயது. ஆறு மாதமாக இரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று தானே முடிவு செய்து, யாருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறார். மேசையில் படுத்தபோது, "மிஸ், கதவு பூட்டியிருக்குதானே?" என்று மூன்று தரம் கேட்டார். ஸ்கோப் அதிக தூரம் போகவில்லை. குடலின் இடப்பக்கத்தில் பூக்கோவா மாதிரி ஒரு வளர்த்தி, தொட்டால் இரத்தம். சேர் அதில் துண்டுகள் எடுத்து என் போத்தலில் போட்டார். பிறகும் அவசரப்படாமல் முனை வரைக்கும் போய், "ஹரி" சொல்லி, என்னை ஆறு நிமிடம் எண்ண வைத்தார். ஒன்று கண்டால் இன்னொன்று இருக்கலாம் என்பது அவர் கணக்கு.

புற்றுநோய்தான். ஆனால் வெளியே பரவியிருக்கவில்லை. வயிற்றைத் திறந்து அந்தத் துண்டை வெட்டி எடுத்து, குடலைப் பொருத்தினார்கள். சிவநாதன் தப்பிவிட்டார். கடைசி றிப்போட்டில் சேர் வழக்கம்போலத் தன் கையால் ஒரு வரி எழுதினார்: உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் பரிசோதிக்கப்பட வேண்டும். நாற்பது வயதில், அல்லது குடும்பத்தில் நோய் கண்டவரின் வயதுக்குப் பத்து வருடம் முந்தி, எது முதலில் வருகிறதோ அப்போது. அந்த வரியைத் தமிழ்க் குடும்பங்களுக்கு வாசித்து விளக்குவது என் வேலை.

சிவநாதனின் மனைவிக்கு விளக்கினேன். அவரோடு கூடப் பிறந்தது ஒரு தம்பி, குகநாதன், நாற்பத்திமூன்று வயது. வெள்ளவத்தையில் அச்சுக்கடை வைத்திருக்கிறார். பிள்ளை என்று ஒரு மகள், துளசி. மனைவி அந்தக் கடதாசியை வாங்கி, நாலாக மடித்து, கைப்பைக்குள் வைத்து, சிப்பை இழுத்தாள்.

"மிஸ், ஒரு உதவி. ஆரும் கேட்டால் மூலம் எண்டு சொல்லுங்கோ."

"ஏன் அக்கா? அவர் சுகமாகீட்டார்தானே?"

"துளசிக்குக் கல்கிசையில ஒரு இடம் பேசுறம். நல்ல பெடியன். அவை விசாரிக்கத் தொடங்கீட்டினம். பரம்பரை வருத்தம் எண்டு தெரிஞ்சால் சம்பந்தம் போயிடும். உங்களுக்குத் தெரியாததே?"

எனக்குத் தெரியும். எங்கள் சனத்தில் கலியாணம் பேசும்போது சாதகம் பார்ப்பதோடு வருத்தமும் பார்ப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் தகப்பனைப் பற்றி அயலில் கேட்பார்கள், வேலையிடத்தில் கேட்பார்கள், கோயிலில் கேட்பார்கள். "அவரின்ர தம்பிக்கு மட்டும் கட்டாயம் சொல்லுங்கோ" என்றேன். "கலியாணம் முடியட்டும் மிஸ், அடுத்த நாளே சொல்லுறம்" என்றாள். அது எனக்கு நியாயமாகவே பட்டது.

இரண்டு கிழமைக்குப் பிறகு போன் வந்தது. கல்கிசையிலிருந்து, மாப்பிள்ளையின் தாய். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் யாரிடமோ என் நம்பரை வாங்கியிருக்கிறார். மரியாதையான குரல். "நீங்கள் அந்த ஆஸ்பத்திரியில எண்டு கேள்விப்பட்டன். சிவநாதன் எண்டு ஒருத்தர் அங்க ஒப்பரேசன் செய்தவராம். அவருக்கு என்ன வருத்தம்?"

நோயாளியைப் பற்றி வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் சட்டம். ஆனால் "சொல்ல ஏலாது" என்று நான் சொன்னால், அந்த அம்மாவுக்கு அதுவே பதில். பெரிய வருத்தம்தான் என்று விளங்கிவிடும். ஒரு நொடிதான் யோசித்தேன்.

"மூலம் அம்மா. சின்ன ஒப்பரேசன்" என்றேன்.

போனை வைத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. நோயாளியின் இரகசியத்தையும் காப்பாற்றி, ஒரு பெண்பிள்ளையின் கலியாணத்தையும் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். அன்று சமைத்த குழம்பு கூட நன்றாக வந்ததாக ஞாபகம். என்ன மடைச்சி நான்.

கலியாணம் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எனக்கும் அழைப்பு வந்தது. அது நன்றிக்கடன் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். தாலி கட்டி முடிந்து சாப்பாட்டுக்கு எழும்பும் நேரம். பட்டுவேட்டியோடு ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். சிவநாதனின் முகவெட்டு, ஆனால் சிரித்த முகம்.

"மிஸ், நான் குகன், சிவநாதன்ர தம்பி. கலியாணக் காட் நான்தான் அடிச்சனான், நல்லா இருந்ததே?" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "ஒரு விசயம் கேக்கோணும், குறை நினையாதேங்கோ. அண்ணாவுக்கு மூலம்தானே?"

நாதஸ்வரம் இன்னும் ஓயவில்லை. ஆறேழு கதிரைகள் தள்ளி சிவநாதனின் மனைவி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்த கதிரையில் கல்கிசை அம்மா.

"ஏன் கேக்கிறீங்கள்?" என்றேன்.

"எனக்கும் கொஞ்சம் ரத்தம் போகுது. ரெண்டு மூண்டு மாசமா. பயந்துபோனன். பிறகுதான் யோசிச்சன், அண்ணாவுக்கும் உதுதானே, ஒப்பரேசனோட சுகமாப் போட்டுது. எங்கட குடும்பத்து மூலம் போல. அப்பிடித்தானே மிஸ்?"

இந்தக் கேள்வியை நான் எத்தனையோ தரம் திரும்பக் கேட்டுப் பார்த்துவிட்டேன். பதில் சொல்ல எனக்கு எத்தனையோ வழி இருந்தது. "நாளைக்குக் காலமை என்னட்ட வாங்கோ" என்று கையைப் பிடித்திருக்கலாம். "எனக்குத் தெரியாது, உங்களைச் செக் பண்ணோணும்" என்றிருக்கலாம். அண்ணனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமலே அந்த மனிதரைப் பயப்படுத்தியிருக்கலாம். நான் சிவநாதனின் மனைவியைப் பார்த்தேன், கல்கிசை அம்மாவைப் பார்த்தேன், மணவறையில் துளசியைப் பார்த்தேன்.

"ஓம், மூலம்தான்" என்றேன். "எண்டாலும் ஒருக்கா வந்து காட்டுங்கோ."

"எண்டாலும்" என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவேயில்லை. நெஞ்சில் கையை வைத்து மூச்சு விட்டார். "பெரிய நிம்மதி மிஸ். நீங்கள் சாப்பிட்டீங்களே? வாங்கோ, பந்தி போட்டாச்சு" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

கலியாணம் முடிந்து அடுத்த நாள் சொல்வதாகத்தானே பேச்சு? நான் ஒரு மாதம் கழித்துப் போன் செய்தேன். "பிள்ளை இப்பதான் போயிருக்குது, கொஞ்சம் பொறுங்கோ" என்றாள் சிவநாதனின் மனைவி. மூன்றாம் மாதம் கேட்டேன். துளசி பிள்ளை எதிர்பார்க்கிறாள், இந்த நேரத்தில் வேண்டாம் என்றாள். அதன் பிறகு நான் கேட்கவில்லை. குகன் வந்து காட்டியிருப்பார், வேறு எங்காவது காட்டியிருப்பார், உண்மையாகவே மூலமாகக்கூட இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலைக்குப் போகும்போது அவர் கடை இருக்கும் பக்கத்தை விட்டு, ரோட்டின் மற்றப் பக்கத்தால் நடந்தேன். ஏன் அப்படி நடக்கிறேன் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

கலியாணத்துக்கு எட்டு மாதம் கழித்து, ஒரு மழை நாளில் ஒதுங்க இடமில்லாமல் அந்தக் கடைத் தாழ்வாரத்தில் போய் நின்றேன். குகன் உள்ளேயிருந்து, "மிஸ்!" என்று சந்தோசமாகக் கூப்பிட்டார். நான் ஆளை அடையாளம் காணவில்லை. கன்னம் ஒட்டி, சேட் தோளிலிருந்து தொங்கியது. பெல்ட்டில் ஆணியால் குத்தின புது ஓட்டை ஒன்று. "மருதானையில ஒரு நாட்டு வைத்தியர் மிஸ். கருணைக்கிழங்கும் துத்தி இலையும்தான். ரத்தம் குறைஞ்சிருக்கு, சாப்பாடுதான் இறங்குதில்லை" என்றார்.

மழையோடு மழையாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். சேர் கை கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்: போன், கலியாண வீடு, எட்டு மாதம். சேர் தண்ணீரைப் பூட்டவில்லை. கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு குரல் மிகவும் இறங்கியது. நான் கிட்டப் போக வேண்டியிருந்தது.

"நோயாளியின் இரகசியத்தைக் காப்பாற்றினேன் என்று சொல்கிறீர். இரகசியம் காப்பது என்றால் வாயை மூடுவது. நீர் அந்தத் தம்பிக்கு நோய் என்ன என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர். பார்க்காமல், தொடாமல், ஸ்கோப் விடாமல். அந்த உரிமையை உமக்கு யார் தந்தது?"

நான் அழுதேன். அவர் என் அழுகையைக் கவனிக்கவில்லை. "இப்போதே போம். அண்ணனிடம் போம். தம்பிக்குச் சொல்ல வேண்டியது அவர். அவர் மாட்டேன் என்றால் எனக்குப் போன் எடும், நான் வருகிறேன்" என்றார்.

கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோவில் போனேன். கதவைத் திறந்த மனைவி என் முகத்தைப் பார்த்ததும், "இப்ப வேண்டாம் மிஸ்" என்று கதவைப் பாதி சாத்தினாள். நான் சந்தியில் சண்டை பிடிக்கிறவள் மாதிரிக் கத்தினேன். "சிவநாதன் அண்ணை! உங்கட தம்பிக்கு ரத்தம் போகுது! பத்துப் பன்னிரண்டு மாசமாப் போகுது!"

சிவநாதன் சாறத்தோடு வெளியே வந்தார். நான் குகனைக் கண்டதைச் சொல்லச் சொல்ல அவர் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. "அவன் எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே" என்றார். "நீங்கள் மட்டும் அவருக்குச் சொன்னனீங்களோ?" என்று கேட்டேன். மனைவி, "துளசிக்கு இது மாசம், அவை என்ன நினைப்பினம்..." என்று தொடங்கினாள். "நீ பேசாம இரு" என்றார் அவர். அவர் அவளிடம் அப்படிக் கதைத்து நான் அதற்கு முதல் கேட்டதில்லை. சாறத்துக்கு மேலே ஒரு சேட்டை மாட்டிக்கொண்டு என்னோடு ஓட்டோவில் ஏறினார். "வெள்ளவத்தைக்கு விடுங்கோ, தம்பியின்ர கடைக்கு" என்றார்.

கடையில் இரண்டு மூன்று பேர் போட்டோகொப்பிக்கு நின்றார்கள். குகன் எழும்பி, "என்னண்ணா, சாறத்தோட?" என்று சிரித்தார். சிவநாதன் கிட்டப் போனார். அத்தனை பேருக்கும் முன்னால் சேட்டை நெஞ்சு வரைக்கும் தூக்கினார். தொப்புளுக்கு மேலிருந்து கீழே இறங்கி, நேராக ஒரு வெட்டுத் தழும்பு.

குகன் அதைப் பார்த்தார். பிறகு அண்ணனின் முகத்தைப் பார்த்தார்.

"மூலத்துக்கு ஏனண்ணா வயித்தில வெட்டினவை?" என்றார்.

மூன்றாம் நாள் குகன் எங்கள் மேசையில் படுத்தார். "மிஸ், நீங்களும் நிப்பீங்கள்தானே?" என்று கேட்டார். நின்றேன். சேர் ஸ்கோப்பை விட்டார். "ஹெமின், ஹெமின்" என்றார். நான் வயிற்றில் கை வைத்தபோது எலும்பு தட்டியது. கிளிப் டிக் டிக் என்று அடித்தது. முப்பது சென்ரிமீற்றர் போயிருக்கும், ஸ்கோப் நின்றுவிட்டது. திரை முழுக்கச் சதை. நடுவில் ஒரு பென்சில் போகுமளவு துவாரம். சேர் தள்ளவில்லை. அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, அவர் "ஹரி" சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. உள்ளே போக முடியாத குடலிலிருந்து திரும்பி வர நிமிடம் எண்ணத் தேவையில்லை.

ஈரலிலும் இருந்தது. எட்டு மாதத்துக்கு முதல் வந்திருந்தால் என்ன இருந்திருக்கும் என்று சேரிடம் கேட்டேன். "தெரியாது" என்றார். "இனி ஒருவருக்கும் தெரியாது."

ஒப்பரேசன், பிறகு மருந்து ஏற்றுவது, பிறகு இன்னொரு ஒப்பரேசன். குகன் இரண்டு வருடம் இருந்தார். முடிந்த நாளெல்லாம் கடையைத் திறந்தார். நான் இப்போது ரோட்டின் இந்தப் பக்கத்தால் நடந்தேன். ஒரு பின்னேரம் என்னை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். கொம்பியூட்டரைப் பார்த்தபடியே கேட்டார்.

"கலியாண வீட்டில நான் கேக்கேக்க உங்களுக்குத் தெரியும், என்ன?"

"ஓம்" என்றேன்.

"நீங்கள் இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் அண்டைக்கே வந்திருப்பன் மிஸ். நான் சரியான பயந்த ஆள்." பிறகு, "தேத்தண்ணி குடிக்கிறீங்களே?" என்று கேட்டார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அதனால்தானோ என்னவோ திட்டவில்லை.

தேத்தண்ணி குடித்து முடிந்ததும் திரையை என் பக்கம் திருப்பினார். அவர் கடையில் கலியாணக் காட் மட்டுமல்ல, மரண அறிவித்தலும் அடிப்பார்கள். தன்னுடையதைத் தானே அடித்து வைத்திருந்தார். போட்டோ, பெயர், பிறந்த இடம் எல்லாம் சரி. திகதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. "கடைசிப் பந்தி சரியோ எண்டு பாருங்கோ. மருத்துவப் பிழை இருக்கக்கூடாது" என்றார். நான் வாசித்தேன்:

"அன்னார் பெருங்குடல் புற்றுநோயால் காலமானார். இது எமது குடும்பத்தில் இரண்டாவது. முதலாமவர் நேரத்துக்குப் பரிசோதித்ததால் சுகமாக இருக்கிறார். சகோதரர், பிள்ளைகள், பெறாமக்கள், மச்சான்மார், மச்சாள்மார் அனைவரும் வைத்தியரிடம் கேட்டு, தேவையானவர்கள் பரிசோதித்துக்கொள்ளவும். இரத்தம் போனால் மூலம் என்று இருக்க வேண்டாம். தகவல்: அண்ணா."

பிழை ஒன்றும் இருக்கவில்லை. அவர் மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவனை எப்போது கூட்டிவர வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார். அவருக்கு நாற்பத்திநாலு வயதில் கண்டது, பத்து வருடம் முந்தி, முப்பத்திநாலு என்று எழுதிக் கொடுத்தேன்.

அறிவித்தல் பேப்பரில் அப்படியே வந்தது. ஒழுங்கை முனையில் ஒட்டினதிலும் அப்படியே இருந்தது. சொந்தக்காரர் சிலர் கடைசிப் பந்தியை எடுக்கச் சொல்லிச் சண்டை பிடித்ததாகவும், சிவநாதன் உடல் வைத்திருந்த மலர்ச்சாலை வாசலில் நின்று, "தகவல் எண்டு என்ர பேர்தான் கிடக்குது, நான் எடுக்கமாட்டன்" என்று சொன்னதாகவும் கேள்விப்பட்டேன்.

அடுத்த இரண்டு கிழமைக்குள் எங்கள் யூனிட் வாசல் வாங்கில் அந்தக் குடும்பத்து ஆட்கள் ஏழு பேர் வந்து இருந்தார்கள். ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி, இடம் விட்டு விட்டு இருந்தார்கள். சேர் இரண்டு பேரிடம் பொலிப் கண்டார். பொலிப் என்பது பிறகு புற்றுநோயாக மாறக்கூடிய சின்ன முளை. அதைக் கம்பி வளையத்தால் சுருக்கி அந்த இடத்திலேயே எடுத்துவிட்டார். அந்த இரண்டு பேருக்கும் இனி அது வராது என்று சொல்லமாட்டேன். அந்த இரண்டு முளையும் இனி இல்லை, அவ்வளவுதான்.

எட்டாவதாகத் துளசி வந்தாள். அவளுக்கு வயது காணாது. எப்போது வர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளத்தான் வந்தாள். இடுப்பில் பிள்ளை. கூட வந்தது அவள் மாமி, கல்கிசை அம்மா. மூன்று வருடத்துக்கு முதல் போனில் கேட்ட அதே மரியாதையான குரல். துளசி பிள்ளையின் பாலைக் கரைக்க எழும்பிப் போனதும், அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள்தானே அண்டைக்கு மூலம் எண்டு சொன்னனீங்கள்?"

"ஓம் அம்மா."

"உண்மையைச் சொல்லியிருந்தால் நாங்கள் சம்பந்தத்தை விட்டிருப்பம் எண்டு பயந்தனீங்கள், என்ன?"

நான் தலையை ஆட்டினேன்.

"விட்டுத்தான் இருப்பம்" என்றார் அவர். "நான் பொய் சொல்லேல்லை. அப்ப இருந்த புத்திக்குக் கட்டாயம் விட்டிருப்பம். இந்தப் பிள்ளை வேற ஒரு வீட்டுக்குப் போயிருக்கும், என்ர மகன் வேற ஒருத்தியைக் கட்டியிருப்பான். ரெண்டு பேரும் எங்கயோ நல்லாத்தான் இருந்திருப்பினம். போறதெண்டால் ஒரு சம்பந்தம் போயிருக்கும் மிஸ், அவ்வளவுதான்."